யாருடைய கணக்கில் இரக்கம்?

மாட்டுவண்டிப் பந்தயம் காண வேண்டுமானால் ஆத்தூர்க்காரர்களாகிய நாம் சற்றுத் தொலைவு போகத்தான் வேண்டும். தாமிரபரணி பாயும் நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பேர் போனது. பந்தய மாடுகள் வளர்வதோ வடக்கே, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமியில். அப்பக்கத்து ஊரொன்றின் கொடை விழாவில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட ஒரு காட்சி இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை.

பெரிய மாட்டுப் பந்தயம். போக வரப் பத்து மைல். முதலில் வந்துகொண்டிருந்த வண்டியை இரண்டாவது வண்டி முந்த முயன்றது. முந்தவிடாமல் முன்னவர் தம் வண்டியைச் சாலையின் ஓரத்திற்கு ஒதுக்கினார். பின்வந்த வண்டியின் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியது. மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் தார்ச்சாலையில் ஏற்றி ஓட்டுவதற்குள் நூறு கஜம் போய்விட்டது. திருப்பத்தில் கொடியோடு நின்ற கமிட்டியாரைப் பார்த்து அந்தச் சாரதி கத்தினார்: "அண்ணாச்சி, அவன் எம்மாட்டை ஒதுக்கிட்டான், நீங்க பாத்தீயள்லா?" கமிட்டியார் சிரித்தார். "ஓட்டுடே, ஓட்டு. திருவிழா நாளும் அதுவுமா வழக்கு என்னத்துக்கு? பொறவு பாத்துக்கிடலாம்."

பிறகு பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தச் சாரதி முன்வண்டியை எட்டிப் பிடித்தார். ஆனால் முந்தவில்லை. வண்டியைக் குறுக்கே திருப்பித் தம் சக்கரத்தை எதிரியின் சக்கரத்தோடு மோதவிட்டார். இரு வண்டிகளும் சிக்கிக்கொண்டன. எதிரியின் இடத்து மாடு முழங்கால் மடிந்து தாரில் விழுந்து, சில அடி தூரம் இழுபட்டது. இருசக்கர வண்டிகளில் கூச்சலிட்டுப் பின்தொடர்ந்த இளைஞர் கூட்டம் சிதறி ஓடியது. மூன்றாவதாக வந்த வண்டி ஓரமாகக் கடந்துபோய்ப் பரிசைத் தட்டிச் சென்றது. அந்த மாட்டின் முழங்காலில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்ததை நாம் அருகிலிருந்து பார்த்தோம்.

இந்தப் பந்தயங்கள் நீதிமன்றம் ஏறி இறங்கியவை. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் மாநிலத் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2023 மே 18ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அத்தகைய திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு மாடுகள் படும் துன்பத்தைப் பற்றியது. அது பெரிய கேள்வி. நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொன்று. அந்தச் சாரதியின் கோபம் பாவமா? பாவமென்றால் அதில் கமிட்டியாருக்குப் பங்குண்டா?

இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக, பெருங்கூட்டத்தின் முன்னிலையில், பெரும்பணத்தைப் பணயம் வைத்து ஆராய்ந்து வருகிற ஒரு விளையாட்டு அமெரிக்க நாட்டில் இருக்கிறது. அதற்கு 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர். கடையில் விற்கும் கார்களையே ஓட்டிப் போட்டியிட்டதால் வந்த பெயர் அது. இன்றைய கார்கள் தோற்றத்தில் மட்டுமே அப்படி. 1948இல் தொடங்கப்பெற்ற 'நாஸ்கார்' என்ற அமைப்பு இதனை நடத்துகிறது. நாற்பதுக்குச் சற்று முன்பின்னான கார்கள், பெரும்பாலும் நீள்வட்டப் பாதையில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். கார்கள் உரசுவது அங்கே குற்றமன்று. லேசாக இடித்து வழி வாங்குவதும் வித்தையின் ஒரு பகுதியே. எனவே எது உரசல், எது வஞ்சம் என்ற கோடு அங்கே மிக மெல்லியது. நம் சாலைப் பந்தயமும் அப்படித்தானே.

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வமைப்பின் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தனர். விதிகளைப் பிடித்து ஒவ்வொரு மோதலுக்கும் தண்டிப்பதால் பந்தயம் சுவையற்றுப் போகிறது. இனி ஓட்டுநர்கள் தங்களுக்குள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றனர். அதாவது, "பொறவு பாத்துக்கிடலாம்" என்பதையே சட்டமாக்கினார்கள். இரண்டு மாதம் போகவில்லை. மார்ச் 7ஆம் நாள் அட்லாண்டாவில் கார்ல் எட்வர்ட்ஸ் என்பவர், முன்னர் தம்மை இடித்த பிராட் கெசலாவ்ஸ்கியின் காரை வேண்டுமென்றே இடித்தார். அந்தக் கார் காற்றில் எழும்பிக் கவிழ்ந்தபடி சுவரில் மோதியது. இவர்கள் இருவருக்கும் அதற்கு முந்திய ஆண்டே ஒரு கணக்கு இருந்தது. 2009 ஏப்ரலில் டல்லடேகாவில் இவர்கள் மோதியபோது எட்வர்ட்ஸின் கார் பார்வையாளர் வேலியில் போய் விழுந்தது. சிதறல்கள் பட்டு வேலிக்கு அப்பால் இருந்த சிலர் காயமுற்றனர். அட்லாண்டாச் செயலுக்குக் கிடைத்த தண்டனை மூன்று பந்தயங்களுக்குக் கண்காணிப்பு மட்டுமே. தாங்களே பார்த்துக்கொள்ளச் சொன்னவர்கள் வேறென்ன தண்டனை கொடுத்துவிட முடியும்?

ஆனால் நம் சாரதியின் கதைக்கு இன்னும் நெருங்கிய கதை 2015இல் நடந்தது. அக்டோபர் 18ஆம் நாள் கான்சஸ் பந்தயத்தில் மேட் கென்செத் என்பவர் முன்னணியில் இருந்தார். சில சுற்றுகளே எஞ்சியிருந்தன. பின்னால் வந்த இளைஞர் ஜோயி லொகானோ முந்தப் பார்த்தார், கென்செத் வழிமறித்தார், லொகானோ இடித்தார். கென்செத்தின் கார் சுழன்று பின்தங்கியது. லொகானோ வென்றார். அந்த வெற்றி கிடைத்திருந்தால் கென்செத் பட்டப் போட்டியில் நீடித்திருப்பார். கிடைக்காததால் அடுத்த வாரமே வெளியேறினார். இதில் இருபக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் நடுவராய் இருக்கவேண்டிய அமைப்பின் தலைவர் பிரையன் ஃபிரான்ஸ், லொகானோ செய்ததுதான் எங்கள் விளையாட்டின் இயல்பு என்ற பொருளில் வெளிப்படையாகப் பாராட்டினார்.

நவம்பர் 1ஆம் நாள், மார்ட்டின்ஸ்வில். சுமார் அரை மைல் நீளமே உள்ள சிறிய பாதை. வேறொரு மோதலில் சேதமுற்ற காரை ஒட்டுப்போட்டுக்கொண்டு பல சுற்றுகள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தார் கென்செத். முன்னணியில் லொகானோ. அவர் தம்மைக் கடக்க வந்தபோது கென்செத் அவர் காரைச் சுவரோடு சேர்த்து மோதினார். தமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தோற்றுப்போன மனிதர், எதிரியும் தோற்கவேண்டும் என்பதற்காக மட்டுமே செய்த செயல் அது. அரங்கத்தில் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அமைப்பு அவரை இரண்டு பந்தயங்களுக்கு விலக்கி வைத்தது. கென்செத் முரடர் அல்லர். அமைதியானவர், நிதானமானவர் என்று பெயர் எடுத்தவர். நடுவர் முதல் குற்றத்திற்குச் சிரித்தார், இரண்டாம் குற்றத்திற்கு அடித்தார்.

கோபத்தைப் பற்றி நம் மறையுரைகளில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அதை அடக்கு என்ற ஒரே அறிவுரைதான். வள்ளுவரும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். செல்லுபடியாகும் இடத்தில் சினத்தைக் காப்பதே காப்பது என்ற அவர் கருத்து நாம் அறிந்ததே. ஆனால் அக்குவினா நகர் புனித தோமையார் இதில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: மற்ற உணர்ச்சிகளில் இல்லாத ஒன்று கோபத்தில் இருக்கிறது. அது நீதியை நாடுகிறது. பொறாமைக்காரன் பிறனுக்குத் தீமை வரவேண்டும் என்று மட்டும் விரும்புகிறான். கோபக்காரனோ அந்தத் தீமை அவனுக்குத் தகும் என்று நம்புகிறான். ஆகவே கோபத்தில் அறிவின் குரல் கலந்திருக்கிறது. கோபப்படவேண்டிய இடத்தில் கோபமே வராதிருப்பதும் குறைதான் என்றும் அவர் எழுதுகிறார். அரிஸ்டாட்டில் காட்டிய ஓர் உவமையையும் அவர் எடுத்தாள்கிறார்: எசமான் சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய் வேலையைத் தவறாகச் செய்துவிட்டு வரும் அவசரக்கார வேலையாள். கோபம் அப்படிப்பட்டது. 'அநீதி நடந்துவிட்டது' என்று அறிவு சொல்வதைக் கேட்கிறது. அதற்கடுத்த சொல்லைக் கேட்க நிற்பதில்லை.

அந்தக் கரிசல் ஊர்ச் சாரதியும் அந்த வேலையாள்தான். அநீதி நடந்தது என்பதில் அவர் தவறவில்லை. நாமும் கண்ணால் கண்டோம். அவர் கேட்காமல் ஓடிய சொல் எது? எதிரியின் மாடு தமக்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பது. பின்னால் வருகிற பையன்களைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது. அடிபட்டவன் தானே நீதிபதியாகும்போது வழக்கில் இல்லாதவர்களை அவனால் பார்க்க முடிவதில்லை. அவன் கெட்டவன் என்பதனால் அன்று. கோபத்தின் கண் ஒரே ஆளைத்தான் பார்க்கும்.

உரசல் எவ்வளவு சிறியதாயினும் அதன் விளைவு நம் கையில் இல்லை. 1990 முதல் பந்தயங்கள் நடந்துவரும் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பாதையில், 2023 சனவரி 8ஆம் நாள், தேசியப் பந்தயத்தின் சலூன் கார்ப் பிரிவில், ஐம்பத்தொன்பது வயதான கே.இ. குமார் என்ற மூத்த வீரர் உயிரிழந்தார். மற்றொரு காரோடு உரசியபின் அவருடைய கார் பாதையை விட்டு விலகி மோதியது. அதில் வஞ்சம் இருந்ததாக எவரும் சொல்லவில்லை. நாமும் அவ்வாறு பொருள்பட எழுதவில்லை. வஞ்சமே இல்லாத உரசல் இதைச் செய்யுமானால், வேண்டுமென்றே இடிப்பவர் எதைக் கையில் எடுக்கிறார் என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறோம்.

சரி, கமிட்டியாருக்கு வருவோம். அவரை நமக்குத் தெரியும். நல்ல மனிதர். விழா நாளில் மனத்தாங்கல் வேண்டாம் என்று நினைத்தார். அந்த நினைப்பில் இரக்கம் இருந்தது. நம் பங்குகளிலும் வீடுகளிலும் இத்தகைய இரக்கம் மிகப் பெரிய புண்ணியமாக மதிக்கப்படுகிறது. 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று சொல்லாத பெரியவர் நம்மிடையே உண்டா?

இங்கும் அக்குவினாரே நம்மைத் திடுக்கிட வைக்கிறார். நீதிபதி குற்றவாளியின் தண்டனையைத் தம் விருப்பப்படி தள்ளுபடி செய்யலாமா என்று கேட்டு, கூடாது என்கிறார். அவர் தரும் காரணங்களுள் ஒன்று, முறையிட்டவருக்கு அந்தத் தண்டனையில் உரிமை இருக்கிறது என்பது. தமக்குச் சொந்தமில்லாததை நீதிபதி தானம் செய்ய முடியாது. கமிட்டியார் காட்டிய இரக்கத்திற்கு விலை கொடுத்தவர் யார்? நூறு கஜத்தை இழந்த சாரதி. கான்சஸில் கூட்டம் இரசித்த அந்த இடிக்கு விலை கொடுத்தவர் கென்செத். பிறன் பணப்பையிலிருந்து எடுத்துத் தருமம் செய்கிறவரைத் தருமவான் என்று யாரும் அழைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு, நமக்கு இதுவே பெரிதாகப்படுகிறது. மன்னிப்பது அடிபட்டவனின் உரிமை. ஆண்டவர் எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்னது பேதுருவிடம், அதாவது குற்றத்திற்கு உள்ளானவனிடம். 'ஆம், உனக்கு அநீதி நடந்தது. அவன் செய்தது தவறு' என்று நடுவர் சொல்லிவிட்டால், அதன்பின் அந்தச் சாரதி, 'போகட்டும் அண்ணாச்சி, அபராதம் வேண்டாம்' என்று சொல்ல முடியும். சொல்வாரா என்பது வேறு. சொல்ல இடம் இருக்கும். 'ஒன்றுமே நடக்கவில்லை, ஓட்டு' என்று நடுவர் சொல்லிவிட்டால், மன்னிப்பதற்கு ஒரு குற்றமே அங்கு இல்லை. பழிவாங்குதலை இறைவனிடம் விட்டுவிடுங்கள் என்று உரோமையருக்கு எழுதிய பவுலடியார், அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்பவரைத் தண்டிக்கும் பொறுப்பை ஆளுகின்றவர் கையில் வைக்கிறார். இவ்விரண்டையும் நாம் தனித்தனியே வாசித்துப் பழகிவிட்டோம். கையை ஓங்காதே என்று ஒருவனிடம் கேட்பதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியும் துணை நிற்கவேண்டும்.

இதனால் கென்செத்தின் குற்றம் குறைந்துவிடாது. நடுவர் தவறியது அவருக்கு மோதும் உரிமையைத் தந்துவிடவில்லை. இங்கே நம்மைவிடப் பெரிய ஒருவரின் கதை நினைவுக்கு வருகிறது. பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா, இறைவேண்டலையும் விவிலிய வாசிப்பையும் மறைக்காத கத்தோலிக்கர். ஃபார்முலா 1 பந்தயத்தில் 1989இல் சுசுகாவில் அலென் புரோஸ்டோடு மோதியபின் எழுந்து ஓடி முதலாவதாக வந்தும், தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பட்டம் புரோஸ்டுக்குப் போயிற்று. தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று அவர் நம்பினார். அதில் நியாயம் இருந்தது என்று கருதுவோர் இன்றும் பலர். மறு ஆண்டு அதே சுசுகாவில், முதல் வளைவிலேயே, புரோஸ்டின் காரோடு மோதி இருவரையும் வெளியேற்றித் தாம் பட்டம் பெற்றார். தண்டனை ஏதுமில்லை. ஓராண்டு கழித்து 1991இல், மூன்றாவது பட்டமும் பெற்றபின், வேண்டுமென்றே விலகவில்லை என்பதைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். விவிலியம் வாசித்த கைதான் அந்தத் திசைமாற்றியையும் பிடித்திருந்தது. இதைச் சொல்லி அவரைத் தாழ்த்த நமக்குத் தகுதியில்லை. திருச்செந்தூர்ச் சாலையில் எதிரே வெளிச்சத்தைத் தாழ்த்தாமல் வரும் வண்டிக்கு நாமும் வெளிச்சத்தை உயர்த்திப் பாடம் கற்பித்தவர்கள்தாம்.

ஒப்புக்கொள்வதைப் பற்றிச் சொல்லும்போது மற்றொரு நிகழ்ச்சி. 2023 மார்ச்சில் பீனிக்ஸ் நகரில் டென்னி ஹாம்லின் என்ற நாஸ்கார் ஓட்டுநர், ராஸ் சாஸ்டைன் என்பவரோடு மோதினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தம் இணைய ஒலி நிகழ்ச்சியில் ஹாம்லின், அது தற்செயல் அன்று, தெரிந்தே செய்தேன் என்று பேசிவிட்டார். உடனே 50,000 டாலர் அபராதம், 25 புள்ளி குறைப்பு. மேல்முறையீடும் தோற்றது. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் அது வெறும் பந்தய உரசலாகவே போயிருக்கும் என்பதை அமைப்பினரும் மறைக்கவில்லை. நடுவரின் கண் காரை மட்டுமே பார்க்கும். உள்ளத்தைப் பார்ப்பதற்கு ஓட்டுநரின் வாய்தான் வேண்டும். புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக்கு அடிகளார் நம் மக்களுக்காகப் பாவசங்கீர்த்தன நூல் ஒன்றைத் தமிழில் எழுதி 1580இல் கொச்சியில் அச்சிட்டார். தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று உள்ளத்தைத் துருவிப் பார்க்கும் பழக்கம் இக்கரைக்கு அவ்வளவு பழையது. அந்தக் கூண்டில் உண்மை சொன்னவனுக்கு மன்னிப்பும் சிறு தவமும் கிடைக்கும். பந்தயப் பாதையில் உண்மை சொன்னவனுக்கு அபராதம். மௌனம் காத்தவனுக்கு ஒன்றுமில்லை. ஹாம்லினைத் தண்டித்தது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதைப் பார்த்த மற்ற ஓட்டுநர்கள் கற்ற பாடம் இடிக்காதே என்பதா, பேசாதே என்பதா? நமக்கு விடை தெளிவாகவில்லை.

நாஸ்கார் மெல்ல மெல்ல மாறித்தான் இருக்கிறது. 2022 அக்டோபரில் லாஸ் வேகாசில் வேண்டுமென்றே மோதிய பப்பா வாலசையும், 2023 மே மாதம் சார்லட்டில் மோதிய சேஸ் எலியட்டையும் ஒவ்வொரு பந்தயத்திற்கு விலக்கியது. எலியட் அந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்றவர், கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அவரையும் விட்டுவைக்கவில்லை என்பது நமக்குப் பிடித்திருந்தது. 2024 ஆகஸ்டில் ரிச்மண்டில் கடைசிச் சுற்றில் இருவரை மோதித் தள்ளி வென்ற ஆஸ்டின் டில்லனுக்கு வெற்றியை விட்டுவைத்து, அதனால் கிடைக்கவேண்டிய பட்டப் போட்டித் தகுதியைப் பறித்தது. பாதித் தீர்ப்பு என்று இரு சாராரும் குறை கூறினர்.

இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. நம் கரையின் பிழைப்பே ஒருவகைப் பந்தயம். கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அந்த எல்லைக்குள் விசைப்படகு வந்து வலையை அறுத்துச் செல்லும்போது, முறையிட்டவனிடம் 'பிறகு பார்க்கலாம்' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? படகைச் சிறைபிடித்தார்கள், கைகலப்பு என்ற செய்திகளை நாம் நாளிதழில் வாசிக்கிறோம். மீனவர்கள் முரடர்கள் என்று ஊருக்குள் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் செய்திக்கு முந்திய செய்தி, அதாவது எத்தனை முறை மனு கொடுத்தார்கள் என்பது, அச்சில் வருவதில்லை. படகை எரிப்பது நீதியன்று. அந்தப் படகில் கூலிக்கு வந்தவனும் ஒரு பங்கின் பிள்ளைதான். ஆனால் அவனிடம் பொறுமையைக் கேட்பதற்குமுன், மனுவை வாங்கி வைத்தவரிடம் நாம் எதையாவது கேட்டோமா?

தம் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே பேசு, பிறகு இருவர் மூவரோடு போ, பிறகு சபையிடம் சொல் என்று ஆண்டவர் ஒரு வழிமுறையையே வகுத்துத் தந்தார். ஓடுகிற வண்டியில் தனியே பேச நேரமில்லை. சபையிடம் நேரே ஓடிவந்தவரிடம்தான் அன்று சபை சிரித்தது.

மறு ஆண்டும் அப்பந்தயத்திற்குப் போயிருந்தோம். திருப்பத்திலும் வழியில் இரண்டு இடங்களிலும் குறிப்பேட்டோடு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் படம் பிடிக்கும் கைப்பேசி. கமிட்டியார் அதே பெரியவர்தான். அன்றும் ஒரு வண்டி மற்றொன்றை ஒதுக்கியது. நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்ப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். முதல் பரிசு இல்லை. பரிசிழந்த சாரதி கமிட்டியாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். பெரியவர் தலைகுனிந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் திட்டிய பிறகு அந்த மனிதர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சென்ற ஆண்டு விழுந்த மாடு வந்திருக்கிறதா என்று தேடினோம். வந்திருந்தது. முழங்காலில் அந்த இடத்தில் மட்டும் மயிர் முளைக்கவில்லை.